குனியாமல் தூக்க ஒரு கொக்கி

எங்கள் வீட்டுக்குக் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் வாங்கப் போனபோது அரைமணி நேரத்துக்கு மேல் எந்தக் கடையிலும் நின்றதில்லை. என் கல்யாணப் பட்டுப்புடவையையே ஒரு மணி நேரத்தில் எடுத்து முடித்துவிட்டார்கள். ஆனால் விறகுக்கட்டை இழுக்க ஓர் இரும்புக் கொக்கி வாங்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. அதற்காகத் தேனி பஜாரைக் காலால் அளந்தேன். ஒரு மாங்கட்டைக்கு பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன். ஒரு பட்டறைக்காரரைத் தொழிலையே மாற்றிவிடலாமா என்று யோசிக்க வைத்தேன். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

தேவதானப்பட்டியில் எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. பேக்கரி என்றதும் கண்ணாடிப் பெட்டியும் பிறந்தநாள் கேக்கும் உங்கள் மனதில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். பன், தேங்காய் பன், ரஸ்க், உப்பு பிஸ்கட், அவ்வளவுதான். எல்லாம் சுற்றுவட்டார டீக்கடைகளுக்குப் போகிற சரக்கு. செங்கல்லால் குகை மாதிரிக் கட்டிய விறகு அடுப்பில்தான் சுடுகிறோம். போர்மா என்பார்கள் அதை. மத்தியானம் அதற்குள் விறகை அடுக்கித் தீ மூட்டி, கல் நன்றாகச் சூடேறியதும் கங்குகளை வாரி வெளியே தள்ளிவிட்டு, பன் தட்டுகளை உள்ளே விட வேண்டும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எங்கள் போர்மா இரண்டும் சேர்ந்து தின்பதைத் தனியாகத் தின்னும்.

மாவு பிசைவதும் சுடுவதும் என் வேலை. விறகு என் வீட்டுக்காரர் வேலை. கல்யாணமாகி இந்த இருபத்தாறு வருடமும் அதுதான் ஏற்பாடு. கட்டைகளைப் பிளந்து கொடுக்க வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கோடாரிக்காரர் வருவார். அவர் பிளப்பார், தூக்க மாட்டார். பிளக்கிற இடத்துக்குக் கட்டையைக் கொண்டுவந்து போட வேண்டியது நம் பொறுப்பு. அது அவருடைய கொள்கை. எத்தனை டீயும் பன்னும் கொடுத்தாலும் அதில் மாற்றம் கிடையாது.

ஆனி மாதம் ஒரு நாள் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கொல்லைப்புறம் கட்டை எடுக்கப் போன வீட்டுக்காரர் கால்மணி நேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தால், கட்டைக்கு முன்னால் பாதி குனிந்தபடி அப்படியே நிற்கிறார். நகரவும் இல்லை, நிமிரவும் இல்லை.

"என்னத்தத் தேடுறீக?" என்றேன்.

"முதுகத் தேடுறேன்" என்றார், தரையைப் பார்த்தபடியே.

அவருடைய நக்கலுக்கு நான் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் அவர் முகத்தில் வியர்வை கொட்டுவதைப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

குனிந்த வாக்கிலேயே ஆட்டோவில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு ஒன்று விலகி நரம்பை அழுத்துகிறது என்றார். மருந்து கொடுத்தார், பெல்ட் கொடுத்தார். "குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆபரேஷன்தான். கால் பழையபடி நடக்குமான்னு அப்ப நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். நான் வராண்டாவுக்கு வந்து அழுதேன். அழுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. என்னை அழவைத்ததற்காக வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவரும் ஊர் வரும்வரை "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சாய்மானத்துக்குத் தலையணையும் வைத்து, அவரை உட்காரவைத்தேன். மின்விசிறியைத் திருப்பிவிட்டேன். டீக்கடைக்காரர்கள் பன் எடுக்க வரும்போது, "அண்ணே, ராசா மாதிரி ஒக்காந்துட்டீகளே" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். மனிதர் நிம்மதியாக இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விறகை நானே தூக்க ஆரம்பித்தேன். எனக்கும் வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. கட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, கொட்டகைவரை நாற்பது எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். ஐந்தாம் நாள், மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தால், நான் விட்டுவைத்திருந்த கட்டைகளில் மூன்று காணவில்லை. மூன்றும் தகரக் கொட்டகைக்குள், பிளக்கிற இடத்தில் சமர்த்தாகக் கிடந்தன. நாற்காலியில் இவர் ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டையின் வயிற்றுப்பக்கம் முழுக்க மரத்தூள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிறதுக்கு அம்புட்டு ஆசையா?" என்று கத்தினேன்.

"நீ மூச்சு வாங்குறத ஒக்காந்து பாக்கச் சொல்றியா?" என்று அவர் கத்தினார்.

பன் எடுக்க வந்தவர்கள் எடுக்காமலே தள்ளி நின்றார்கள். சண்டை முடிந்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். இனி இந்த வீட்டில் யாரும் கட்டையைக் கையால் தூக்குவதில்லை. குனியாமல் தூக்க, குனியாமல் நகர்த்த ஒரு சாமான் உலகத்தில் எங்காவது இருக்கும். அதைக் கண்டுபிடித்து வாங்குவது. அதுவரை பிளந்த விறகையே விலைக்கு வாங்கி எரிப்பது.

இந்த நேரம் பார்த்து ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்து அம்மி எப்படியோ தப்பியது. என் தம்பி தோப்பில் மூன்று கிழட்டு மாமரங்கள் சாய்ந்தன. அவன் மெஷின் வைத்து இரண்டடி நீளத் துண்டுகளாக அறுத்து, டிராக்டரில் அள்ளிவந்து எங்கள் கொல்லையில் கொட்டிவிட்டு, "அக்கா, ஒரு வருசத்துக்கு வெறகுக் கவல இல்ல, போ" என்றான். பாசக்காரன். ஒவ்வொரு துண்டும் என் முழங்கால் உயரம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அத்தனையும் கொட்டகைக்குள் போயாக வேண்டும், நனைந்த கட்டையில் போர்மா சூடேறாது. சுமை தூக்கும் ஆட்களைக் கேட்டேன். மாங்காய் லோடும் தேங்காய் லோடும் காத்திருக்கும்போது உன் கட்டைக்கா வருவோம் என்று அவர்கள் நேராகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். குவியலைப் பார்த்தேன், பிறகு நாற்காலியில் இருந்த இவரைப் பார்த்தேன். இவர் குவியலைப் பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பூனை மீனைப் பார்க்கிற பார்வை அது.

மறுநாளே தேனிக்குக் கிளம்பினேன். கூட வருவேன் என்று இவரும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கிளம்பும்போது குவியலில் நடுத்தரமான ஒரு கட்டையைச் சிமெண்டுச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

"இது எதுக்கு?" என்றார்.

"செருப்பு வாங்கப் போகும்போது கால வீட்டுல வச்சுட்டா போவீக?" என்றேன்.

பஸ்ஸில் அதை யார் ஏற்றுவது என்பதில் படியிலேயே தகராறு. கடைசியில் பின்னால் நின்ற ஒரு பெரியவர் எங்கள் சத்தம் தாங்காமல் தானே தூக்கி உள்ளே வைத்தார். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார்.

"வெறகுக் கட்ட."

"தேனில கட்ட கெடைக்காதாம்மா?"

"கெடைக்கும். இது திரும்பி வந்துரும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, போகவும் வரவும் லக்கேஜுக்குத் தனித்தனியாக டிக்கெட் கிழித்தார்.

பஜாரில் பெரிய இரும்புக்கடை ஒன்றில் நுழைந்தோம். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வந்தவுடனே கடப்பாரையைத் தூக்கி வைத்துவிட்டார். கடப்பாரையால் கட்டையை நெம்பலாம், புரட்டலாம். புரட்டியபிறகு அது போகிற திசையை அது தீர்மானிக்கும். அவருடைய கடைக்குள்ளேயே நெம்பிக் காட்டினேன். கட்டை உருண்டு பெயிண்ட் டப்பா அடுக்கில் போய் முட்டியது. அடுத்து மூட்டைக் கொக்கி. சுமைகாரர்கள் கையில் மாட்டியிருப்பார்களே, அது. சாக்கில் மாட்ட அது அருமையான சாமான். கட்டையில் போட்டால் பட்டையை உரித்துக்கொண்டு வந்தது. அதுவும் ஒரு சாண் நீளம், கட்டைவரைக்கும் குனிந்தால்தான் எட்டும். பிறகு ஐஸ் பாளம் தூக்குகிற பெரிய இடுக்கியைக் கொண்டுவந்தார். அதன் வாய் எங்கள் கட்டையின் பாதிக்குத்தான் விரிந்தது. கடைசியாக ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி.

"வண்டில எல்லாம் போயிரும்மா. மண்ணு, கல்லு, செங்கல், எது வேணா" என்றார்.

"வண்டிக்குள்ள யாரு தூக்கி வைக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் சட்டென்று முன்னால் வந்து, "நாந்தேன், வேற யாரு" என்றார். நான் பார்த்த பார்வையில் தள்ளுவண்டி உள்ளே போய்விட்டது.

கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேக்குறது கடையில இல்லம்மா. பட்டறையில அடிச்சுத்தான் வாங்கணும்" என்று, பெரியகுளம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வழி சொன்னார். போகிற வழியைக் காட்டும்போது அவருக்கு இருந்த உற்சாகம் சாமான் காட்டும்போது இல்லை.

பட்டறைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். இரும்புக் கேட், டிராக்டர் டிப்பர் என்று ஏகப்பட்ட வேலை வாசல்வரை நின்றது. நான் சாக்கை அவிழ்த்துக் கட்டையை நடுவில் வைத்து விவரத்தைச் சொன்னேன். கட்டையை அளப்பார் என்று பார்த்தால், டேப்பை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"ரெண்டு பேரும் கையத் தொங்க விட்டு நேரா நில்லுங்க" என்றார். தொங்குகிற கையிலிருந்து தரைவரைக்கும் அளந்தார். "கட்ட எம்புட்டு இருந்தா என்னக்கா? நீங்க குனியாம இருக்கணும்ல. அப்ப உங்களத்தான அளக்கணும்."

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"ரெண்டு பக்கமும் பிடிக்கிற சாமானுக்குக் கட்டயப் பாத்து வாய் விரியணும். கொத்தி இழுக்குறதுக்கு ஒரு பக்கம் போதும்" என்றார். "குமுளிக்கு அந்தப் பக்கம் தடி டிப்போல பாத்திருக்கேன். அங்கன மரத்தத் தடின்னுதான் சொல்லுவாக. நீளக் கம்புல கிளிமூக்கு மாதிரி ஒரு இரும்பு. ஒரு கொத்து, ஒரு இழுப்பு. நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வரும்."

பழைய லாரிப் பட்டை ஸ்பிரிங்கை வெட்டி அடித்து மூக்கு செய்வதாகப் பேச்சு. லாரியின் பாரம் சுமந்த இரும்பு, சீக்கிரம் மழுங்காது. கம்பு யார் உயரத்துக்கு என்பதில்தான் பிரச்சினை. இவர் நெட்டை. நான் இவர் தோளுக்குத்தான் வருவேன்.

"யாருக்குக்கா அளவு?"

"எனக்கு" என்றேன்.

"எனக்கு" என்றார் இவரும், அதே நொடியில்.

"டாக்டர் உங்கள இழுக்கச் சொன்னாரா?"

"குனியாத, தூக்காதன்னாரு. இழுக்காதன்னு அவரு சொல்லல."

அது உண்மைதான். அங்கிருந்தே போனில் டாக்டரைக் கேட்டேன். நிமிர்ந்து நின்று மெதுவாக இழுத்தால் பாதகமில்லை, அளவோடு செய்தால் நல்லதுகூட என்றுவிட்டார். இவர் முகத்தில் அத்தனை நாளில்லாத வெளிச்சம். பட்டறைக்காரர் இரண்டு கொக்கியாக அடித்துத் தருகிறேன் என்றார். நான் ஒன்றே போதும் என்றேன். இரண்டு இருந்தால் இந்த மனிதர் என்னோடு போட்டி போடுவார். ஒன்று இருந்தால், ஒருவர் இழுக்கும்போது மற்றவர் சும்மா நின்றுதானே ஆக வேண்டும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இவர் உயரத்துக்குக் கம்பு, அதிலேயே கொஞ்சம் கீழே கயிறு சுற்றி எனக்கு ஒரு பிடி என்று முடிவாயிற்று.

முதலில் அடித்த மூக்கு நேராக இருந்தது. கொத்தி இழுத்தேன். கட்டை அங்கேயே இருக்க, நான் மட்டும் பட்டறை மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தேன். இரண்டாவது மூக்கு அதிகம் வளைந்திருந்தது. கொத்தினால் கவ்விக்கொண்டது. பிறகு விடமாட்டேன் என்றது. கட்டையை ஒருவர் மிதித்துக்கொள்ள, பட்டறைக்காரரும் அவர் ஆளும் அதைப் பிடுங்கியெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் இடைவெளி, ஒவ்வொரு முறையும் அதே பஸ், அதே கட்டை. கண்டக்டர் இப்போது, "என்னம்மா, கட்டைக்கு இன்னும் ஒடம்பு சரியாகலையா?" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார். மூன்றாவது முறை பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "இதுவும் சரியில்லன்னா நான் பரோட்டாக் கடை போட்டுக்கிறேங்க்கா" என்றார். நான் கொத்தினேன். மூக்கு பச்சென்று கவ்வியது. இழுத்தேன், வந்தது. கம்பை லேசாக முன்னால் தள்ளினேன், விட்டுவிட்டது. பட்டறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். இவர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

வீட்டில் கொக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். பிறகு வேலையைத் தொடங்கினோம். ஒரு கட்டை அவர், ஒரு கட்டை நான். அவர் குவியலிலிருந்து ஒன்றைக் கொத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாற்பது எட்டையும் இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் விடுவார். திரும்பி வந்து கொக்கியைக் கீழே வைப்பார். நான் எடுப்பேன். நான் போய்விட்டு வந்து கீழே வைப்பேன், அவர் எடுப்பார். ஒரு நாளைக்குப் பதினைந்து கட்டை. நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தாயிற்று. இவர் பழையபடி சினிமாப் பாட்டை அரைகுறையாகப் பாட ஆரம்பித்தார். டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, ஒருவர்கூட விடாமல் தாங்களும் ஒரு கட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அந்த வாரம் முழுக்க ஊரையே ஜெயித்த மிதப்பு.

எட்டாம் நாள் காலையில் இவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார்.

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். மத்தியானம் உட்காரும்போது பல்லைக் கடித்தார். சாயங்காலம் இடது கால் லேசாக மரக்கிறது என்று, ஏதோ கொசு கடித்த மாதிரிச் சொன்னார். டாக்டர் சொன்னது அதைத்தானே.

"கையால தூக்குனீகளா?"

"இல்ல."

"எனக்குத் தெரியாம எத்தனையத் தூக்குனீக?"

"ஒண்ணுகூடத் தூக்கல."

"பொய்."

"சத்தியமா இல்ல."

நம்பவில்லை. ஒருமுறை மரத்தூள் சட்டையோடு பிடிபட்ட ஆளை எப்படி நம்புவது? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொக்கியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மூன்றாம் நாள் வலி குறைந்ததும், "வேணும்னா நீயே நின்னு பாரு. நான் என்ன பண்றேன்னு கண்ணால பாத்துட்டுத் திட்டு" என்று இவரே சவால்விட்டார்.

சரி, பார்த்துவிடுவது என்று கொக்கியை எடுத்துவந்தேன். முதல் கட்டையை நான் இழுத்துவிட்டுத் திரும்பி வந்து, கொக்கியைத் தரையில் வைத்து, இடுப்பில் கைவைத்து நின்றேன். போலீஸ்காரி தோற்றாள். எங்கே தப்பு செய்கிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன்.

அவர் வந்தார். கொக்கியை எடுக்கக் குனிந்தார்.

பாதி குனிந்த அந்த நிலையில், ஆனி மாதம் நான் பார்த்த அதே முதுகு. எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கட்டைக்கு இவர் குனியவில்லை. கொக்கிக்குக் குனிகிறார். எடுக்க ஒரு முறை, திரும்ப வந்து வைக்க ஒரு முறை, ஒரு நாளைக்குப் பதினைந்து முறை. ஒன்றரை மாதம் அலைந்து, உயரம் அளந்து, மூன்று மூக்கு அடித்து, குனியாமல் இருப்பதற்கென்றே ஒரு சாமான் செய்துகொண்டுவந்து, அதைத் தரையில் போட்டு அவரைக் குனியவைத்திருக்கிறேன்.

ஏன் தரையில் வைத்தோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் இரும்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். அரிவாள், கத்தி, கடப்பாரை எதுவானாலும் ஒருவர் தரையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும். உப்புக்கும் எள்ளுக்கும் இதே கதைதான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததாக நினைவில்லை. கை தானாகவே தாழ்ந்து வைத்துவிடும். இந்த வழக்கமில்லாத ஊரில் பிறந்திருந்தால் எனக்கு இது என்றைக்கோ கண்ணில் பட்டிருக்கும்.

"எடுக்காதீக!" என்று கத்தினேன்.

அவர் அப்படியே நின்று, பாதி குனிந்த நிலையில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"நிமிருங்க. நாந்தேன் உங்களக் குனிய வச்சிருக்கேன். இத்தன நாளும் நாந்தேன் தரையில வச்சேன்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. திருடன் பிடிபட்ட சிரிப்புதான் இருந்தது.

"இப்பத்தான் தெரிஞ்சுச்சா?" என்றார்.

"அப்ப உங்களுக்கு?"

"ரெண்டாம் நாளே தெரியும். குனியிறப்ப எல்லாம் சுருக்குங்குமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தெரிஞ்சுக்கிட்டேவா இருந்தீக? வாயில என்ன கொழுக்கட்டையா? உங்களப் பொய்யருன்னு சொல்லி ரெண்டு நாளா பேசாம இருந்தேன், அப்பவாவது சொல்ல வேண்டியதுதான?"

துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சொன்னா நீ என்ன பண்ணுவ? கொக்கியப் பிடுங்கிக்கிட்டு என்னய மறுபடி நாற்காலில ஒக்கார வச்சிருவ. நீ ஒத்தையில இழுப்ப. வலி வந்தா வந்துட்டுப் போகுது. ஒக்காந்து பாக்குறதுதான் எனக்குத் தாங்கல."

அப்படித்தான் செய்திருப்பேன். அந்த நொடியில்கூட, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கொக்கியை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவிடலாமா என்றுதான் என் மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறியைத் திருப்பிவிட்டு, தலையணை வைத்து, ராசா மாதிரி உட்காரவைத்தேன் என்று நினைத்தேனே, அத்தனை நாளும் இந்த மனிதர் அங்கே என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கால் மரத்துப்போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் நினைக்கிற அளவுக்கு அந்த நாற்காலி இருந்திருக்கிறது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த முறை அவரைத் திட்டத் தோன்றவில்லை.

குனிந்து கொக்கியை நானே எடுத்தேன். நடுக்கம்பைப் பிடித்து, அவர் கைக்கு நேராக நீட்டினேன்.

"பிடிங்க."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏய், என்ன பண்ற? கையில குடுக்காத. அந்த முருங்க மரத்துல சாத்தி வையி, நான் எடுத்துக்கிறேன்."

சாத்தி வைத்திருக்கலாம்தான். எனக்குக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. "பிடிங்கன்னா பிடிங்க."

"சண்ட வரும்."

"இருபத்தாறு வருசமா தரையில வச்சுத்தான எடுத்தோம். சண்ட வராமயா இருந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பன் எடுக்க வந்த டீக்கடைக்காரர் ஒருவர் என்னவோ ஏதோ என்று கொல்லைவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கொக்கியை என் கையிலிருந்து வாங்கினார். எங்கள் இருவர் கையும் கம்பில் ஒரே நேரத்தில் இருந்தபோது, இரண்டு பேருமே கொஞ்சம் பயந்துதான் இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. காற்று மட்டும் அடித்தது.

அவர் ஒரு கட்டையைக் கொத்தி இழுத்துக்கொண்டு போனார். அவசரமில்லாமல், நெஞ்சை நிமிர்த்தி, நாற்பது எட்டு. கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். பழக்கதோஷத்தில் கை கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு நின்றது. முதுகு நேராக இருக்க, கொக்கியை எனக்கு நீட்டினார்.

"பிடி. இது ஒன்னோட கட்ட" என்றார்.

கயிறு சுற்றிய என் பிடியில் அவர் உள்ளங்கைச் சூடு இருந்தது. வாங்கிக்கொண்டு, "வழிய விட்டு நில்லுங்க, மலை மாதிரி நிக்காம" என்று அதட்டிவிட்டு, என் கட்டையைக் கொத்தினேன்.